மாற்று ஆள் யார்? (கோவிட் வார்டு நாட்குறிப்பு)

ஏப்ரல் 19, 2021, திங்கள்

டூட்டி லிஸ்டில் 12 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. கவச உடை போட 20 நிமிடம், நோயாளிகளை ஒப்படைத்து வாங்க அரை மணி, கழற்ற 20 நிமிடம், பிறகு குளியல். இவை எதுவும் லிஸ்டில் இல்லை. 12 மணி நேரத்துக்கு மேல் நீளும் டூட்டியில் செவிலியர்களின் தவறுகள் கூடுகின்றன என்று 2004-லேயே ஆய்வு வந்துவிட்டது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும். பகல் முழுக்க வீட்டுவேலை பார்த்துவிட்டு நைட் டூட்டிக்கு வருகிற பெண் நள்ளிரவுக்குள் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறாள். ரத்த அழுத்தத்தை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்தைச் செலுத்தும் பம்பில் எண்ணை அழுத்துவது அந்தக் கைதான். ஒரு தசமப்புள்ளி தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்கு.

ஏப்ரல் 20

இடைவேளை 30 நிமிடம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 30 நிமிடம் செவிலியரின் நோயாளிகளை யார் பார்ப்பது என்று எழுதவில்லை.

ஏப்ரல் 22

தண்ணீர். உடை போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள், உள்ளே போனபின் கழிப்பறைக்கு வர முடியாது என்பதால். உள்ளே வியர்வை ஆறாக ஓடுகிறது. வெளியே வரும்போது தலைவலி, அடர்மஞ்சளாகச் சிறுநீர், பலருக்குச் சிறுநீர் போகும்போது எரிச்சல். எரிச்சலோடு காய்ச்சலோ இடுப்புக்கு மேல் முதுகில் வலியோ சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அப்போது மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு டூட்டிக்கு வரக்கூடாது. சிறுநீர்ப் பரிசோதனை வேண்டும்.

மாதவிடாய் நாட்களில் இன்னும் கொடுமை. பேட் நாலைந்து மணி நேரத்தில் நனைந்து ஒழுகும், தொடை உராயும். மாதவிடாய்க் கப் பழகியவர்களுக்கு 12 மணி நேரம் வரை தாங்கும். ஆனால் முதன்முதலாக அதை முயல்வது டூட்டி நாளில் வேண்டாம். கையுறை, ஊசி கேட்டு எழுதும் இண்டென்ட் தாளிலேயே பேடையும் சேர்த்து எழுதி, கழற்றும் அறையில் ஒரு பெட்டி வைக்கலாம். இதைக் கேட்கக் கூச்சப்பட எதுவுமில்லை.

ஏப்ரல் 25

மாஸ்க் அளவு. வந்திருப்பவை பெரும்பாலும் ஒரே அளவு. சிறிய முகத்தில் N95 கன்னத்தோரம் இடைவெளி விடும். போட்டதும் இரு கைகளாலும் மூடிப் பலமாக ஊத வேண்டும். கண்ணை நோக்கிக் காற்று வந்தால் மூக்குக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும், தாடையோரம் வந்தால் பட்டையின் இடத்தை மாற்ற வேண்டும். அப்படியும் கசிந்தால் அந்த மாடல் அந்த முகத்துக்கு ஆகாது. பட்டையை இறுக்கி இறுக்கிச் சமாளிக்கிறார்கள். அதனால்தான் மூக்குத்தண்டில் புண். மெல்லிய ஹைட்ரோகொலாய்டு (தோலைக் காக்கும் ஒட்டுப்பட்டை) ஒட்டினால் தோல் தப்பும். ஆனால் ஒட்டியபின் மறுபடி ஊதிப் பார்த்தே தீர வேண்டும், ஒட்டின இடத்தில் காற்று புகும்.

பெரிய அளவுக் கவச உடையும் இப்படித்தான். கால்சட்டை தரையில் இழுபடுகிறது, கைப்பகுதி கட்டில் கம்பியில் மாட்டுகிறது. அரை அடிக்கு ஒரு தரம் துணியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் சாயங்காலம் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அதற்கு மனவலிமைப் பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள். ஸ்மால் சைஸ் வாங்கட்டும்.

ஏப்ரல் 26

மாற்று ஆள் கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை.

ஏப்ரல் 28

சார்ட்டில் மூச்சு எண்ணிக்கை: 20, 20, 20, 20. பக்கம் முழுக்க.

சோர்ந்தவர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். நாடி, ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம் எல்லாம் மானிட்டரில் இருக்கும். மூச்சை மட்டும் முழு ஒரு நிமிடம் நெஞ்சைப் பார்த்து நின்று எண்ண வேண்டும். நோயாளி சரியப்போவதை முந்திச் சொல்வதும் அதுதான். ஆக்சிஜன் அளவு 94-லேயே நிற்கும்போது மூச்சு 22, 28, 34 என்று ஏறும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வுக்குச் சொன்ன மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன்மேல் கசப்பு, செய்யும் வேலை பயன்படவில்லை என்ற எண்ணம். அதை நோய் என்று சொல்லவில்லை, பணியிடம் சார்ந்த நிலை என்றுதான் சொன்னார்கள். சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணி அழுத்தம் என்று காரணத்தையும் சேர்த்தே எழுதினார்கள். பிறகு ஏன் எல்லோரும் சோர்ந்த செவிலியரை மட்டும் சரிசெய்யப் பார்க்கிறார்கள்?

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். நாலு நாள் லீவிலும் இறங்காத பாரம், எதிலும் பிடிப்பின்மை, சாவைப் பற்றிய நினைப்பு என்றால் அது பணிச்சோர்வோடு நிற்கவில்லை. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், கூட ஒருவர் போக வேண்டும்.

மே 2

கழற்றுவது. கையுறை, கண்ணாடி, மேலங்கி, அறையை விட்டு வெளியே வந்தபின் கடைசியாக மாஸ்க். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கையில் சானிடைசர், 20 முதல் 30 நொடி. கண்ணாடியையும் மாஸ்க்கையும் முன்பக்கம் தொடாமல் பின்பட்டையைப் பிடித்து எடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் தவறுகிறது. டூட்டியிலேயே அதிக ஆபத்தான வேலை, அதிகம் களைத்த நேரத்தில் வருகிறது. தாகம், கழிப்பறை அவசரம், உடம்பு கொதிப்பு. முகத்தைத் துடைக்கக் கை தானாகப் போகும். அதனால்தான் பக்கத்தில் ஒருவர் நின்று ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும் என்று விதி. நிற்பதற்கு ஆள்?

மே 5

7,000 லிட்டர் சிலிண்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். ஹை ஃப்ளோவில் (மூக்கு வழியே வேகமாக ஆக்சிஜன் தரும் முறை) 60 லிட்டர் என்றால் இரண்டு மணி நேரம்கூட வராது. இந்தக் கணக்கைத் தலையில் சுமந்துகொண்டு நைட் முழுக்க நடப்பது செவிலியர். டெக்னீஷியனுக்கு நேரம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தரம் அளவைக் குறித்துக் கையெழுத்துப் போடச் சொன்னால் போதும். தலையிலிருந்து ஒரு சுமை இறங்கும்.

மே 8

நேற்றிரவு எழுத முடியவில்லை. செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியாமல் போகிறதே, அந்த வேதனையைத் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-இல் செவிலியர் பணி பற்றி எழுதும்போது தனியாகப் பிரித்துக் காட்டினார். மூச்சுக்கருவியில் இருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்க ஐந்து பேர் வேண்டும்: தலைமாட்டில் மூச்சுக்குழாயைப் பிடிக்க ஒருவர், பக்கத்துக்கு இருவர். மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் திருப்புவது தள்ளிப்போகிறது. நாளுக்கு 16 மணி நேரம் குப்புறக் கிடத்தினால்தான் பலன் என்று தெரிந்தவளுக்கு அந்தத் தாமதம் எப்படி இருக்கும். உறவினரை உள்ளே விட முடியாமல் போனை நோயாளியின் காதில் வைத்துப் பிடிப்பதும் அவள்தான். இதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது.

மே 12

செவிலியர் தினம். மலர், வாழ்த்து, மேடை. சுகாதாரப் பணியாளர்களில் உலக அளவில் பத்தில் ஏழு பேர் பெண்கள். டூட்டி லிஸ்ட் போடும் கூட்டத்தில் எத்தனை பேர்?

மே 13

பாலூட்டுபவர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பாலை எடுக்க வேண்டும், 20 நிமிடம் ஆகும். எடுத்த பால் அறைவெப்பத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள். இரண்டு தரம் தவறினால் கட்டிக்கொள்ளும், சிவந்து காய்ச்சல் வரலாம். காய்ச்சல் என்றதும் கோவிட் பரிசோதனை, தனிமை, ஒரு ஆள் குறைவு. பத்து நாள் ஆளை இழப்பதற்கு 20 நிமிடம் கொடுக்கலாமே.

மே 17

மூன்று ஷிப்ட் இருக்கும் இடங்களில் காலை, மாலை, நைட் என்று முன்னோக்கித்தான் சுற்ற வேண்டும். நைட் முடித்தவளை மறுநாள் காலைக்குப் போடுவது கொடுமை. இரண்டு டூட்டிக்கு நடுவில் ஓய்வு 11 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. நைட்டில் 20 நிமிடத் தூக்கம் நல்லது. ஆழ்ந்து தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் தலை தெளியாது, அந்த நேரத்தில் ஊசி மருந்து கலக்கவே கூடாது. காபியில் உள்ள காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், விடியற்காலை 3-க்கு மேல் வேண்டாம்.

மே 21

கணக்குப் போட்டாயிற்று. ஆறு செவிலியர்கள். ஒருவருக்கு இடைவேளை 30 நிமிடம், கழற்றிப் போட 40 நிமிடம், மொத்தம் 70. ஆறு பேருக்கு 420 நிமிடம், அதாவது 7 மணி நேரம். 12 மணி டூட்டிக்கு நோயாளி ஒதுக்கப்படாத ஒரே ஒரு மாற்று ஆள் போதும். மீதி 5 மணி நேரத்தில் குப்புறத் திருப்பவும் கழற்றும் இடத்தில் நிற்கவும் அவளே கைகொடுப்பாள்.

நிர்வாகம் சொல்லும் மறுப்பு: கூடுதலாக ஆறு கவச உடை செலவாகும். உடையை எண்ணுகிறார்கள். மருத்துவ லீவை எண்ணச் சொல்ல வேண்டும்.

மே 24

இன்று இரவு முதல் சோதனையாக ஒரு மாற்று ஆள். முதல் இடைவேளை 10:30. ஒப்படைக்கும்போது இருவரும் கட்டிலருகே நிற்க வேண்டும்: பம்பின் அளவு, சிலிண்டர் அளவு, மூச்சு. மூச்சைச் சார்ட்டில் பார்த்துச் சொல்லக்கூடாது. இருவரும் சேர்ந்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். உடை ஸ்மால் சைஸ் இரண்டுதான் இருக்கிறது, ஸ்டோருக்கு எழுத வேண்டும்.