தட்டிப் பார்த்த கட்டி

இடது முன்கையின் உள்பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. பக்கத்துக் கிளினிக்கில், "கொழுப்புக் கட்டிதான், விட்டுடுங்க" என்றார்கள். இரண்டு வருடம் விட்டேன். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் கூட்டத்தில் யாருடைய பையாவது இடித்தால் மட்டும் சுண்டுவிரல் வரை கரண்ட் பாயும். அதை டாக்டரிடம் சொல்லத் தோன்றவேயில்லை!

அரசு பாலிகிளினிக்கில் ஓர் இளம் டாக்டர் கட்டியை விரலால் தட்டினார். "ஐயோ!" என்றேன். பக்கவாட்டில் தள்ளினார், நகர்ந்தது. கையின் நீளவாக்கில் தள்ளினார், அசையவில்லை. "நரம்புல இருக்கு போல" என்று அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். இப்படிப் போனால்தான் மானியக் கட்டணம் கிடைக்கும் என்பதால் நானும் காத்திருந்தேன்.

எம்ஆர்ஐ அறிக்கையில், 'ஷ்வானோமா அல்லது நியூரோஃபைப்ரோமா' என்று இருந்தது. இரண்டுமே நரம்பில் வரும், பெரும்பாலும் சாதுவான, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டிகள். ஆனால் இரவில் நெட்டில் தேடியதுதான் தப்பு. நியூரோஃபைப்ரோமா வரும் என்எஃப்1 என்ற பரம்பரை நோயில் காப்பிக்கறை மாதிரி மச்சங்கள் குறைந்தது ஆறு இருக்குமாம். சிறு பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றும் 5 மி.மீ.க்கு மேல். தூங்கிக்கொண்டிருந்த மகனின் சட்டையைத் தூக்கி, அவனுடைய பள்ளி ரூலரால் அளந்தேன். மூன்று. அப்புறம் முழங்காலுக்குப் பின்னால் இன்னொன்று. அன்றைக்குத் தூக்கம் போச்சு.

மருத்துவமனை டாக்டர் மச்சத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. வேறு எங்கும் கட்டி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது காது மந்தமா என்றும் கேட்டார். அம்மாவுக்குப் போன் போட்டு, "காது நல்லா கேக்குதா?" என்றேன். "ஏன்டி கத்துறே?"

நரம்பு உறையைத் திறந்து கட்டியை மட்டும் தோண்டி எடுத்தார்கள். ஆய்வக முடிவில் ஷ்வானோமா. ஒற்றைக் கட்டி, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்பதால் பரம்பரையாக இருக்க வாய்ப்பு குறைவு என்றார் டாக்டர். நிறைய ஷ்வானோமா வந்திருந்தாலோ, இரண்டு காது நரம்பிலும் கட்டி இருந்தாலோதான் என்எஃப்2 என்ற இன்னொரு பரம்பரை நோயின் சந்தேகம் வருமாம். அது 22ஆம் குரோமோசோம் விவகாரம். காப்பிக்கறை மச்சம் வரும் என்எஃப்1, 17ஆம் குரோமோசோமைச் சேர்ந்தது. நான் ரூலர் வைத்து அளந்தது வேறு நோயை! மகனுக்கு ஆறு மச்சம் இல்லை, அக்குளிலும் புள்ளிகள் இல்லை. ஆனாலும் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொன்னார்.

தையல் பிரித்து மூன்று மாதமாகிறது. சுண்டுவிரல் நுனி இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது. ஆபீசில் டைப் அடிக்கும்போது அந்த விரலால் அடிக்கும் ஆங்கில 'ஏ' மட்டும் அடிக்கடி விட்டுப்போகிறது.