நாலாவது புகைபோக்கி

எங்கள் ஆயா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். உறியில் தயிர் குறைந்தாலும் சரி, கொல்லையில் கொய்யாக்காய் குறைந்தாலும் சரி, "எங்கடா அந்த எம்டன்?" என்றுதான் ஆற்காட்டு வீட்டில் குரல் கேட்கும். எம்டன் என்றால் ஏதோ ராட்சசன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயாவுக்கு அந்த வார்த்தை அவங்க அம்மாவிடமிருந்து வந்தது. மெட்ராஸில் குண்டு விழுந்த கையோடு அண்டா, குண்டான், கைக்குழந்தை சகிதம் ரயிலேறி வாலாஜா ரோட்டில் வந்து இறங்கிய சொந்தக்காரர்கள், மூன்று மாதம் எங்கள் திண்ணையை விட்டு நகரவில்லையாம். "எம்டன் வந்து மெட்ராஸ்ல எண்ணெ தீந்துது, நம்ம வூட்ல அரிசி தீந்துது" என்று ஆயா சொல்லும்.

எம்டன் என்பது முதல் உலகப் போரில் மெட்ராஸில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த எம்டனை இப்போது நானே கட்டி முடித்திருக்கிறேன். பிளாஸ்டிக்கில், ஒரு முழத்துக்கும் குறைவாக.

நாலு வருஷத்துக்கு முன்னால் தோல் ரசாயனப் பயிற்சிக்காக ஜெர்மனி போன நண்பர் ஒருவர், எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சாக்லேட் வேண்டாம், ரெவெல் கம்பெனியின் எம்டன் கிட், அதாவது துண்டுகளை ஒட்டிக் கட்டுகிற பொம்மைக் கப்பல், கிடைத்தால் வாங்கி வாருங்கள் என்றேன். வாங்கி வந்துவிட்டார். பெட்டி மூன்று வருஷம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. போன வருஷம், அதாவது 2025 ஏப்ரல் கடைசியில்தான் துணிந்து பிரித்தேன். சட்டம் சட்டமாகச் சாம்பல் நிறத் துண்டுகள். சிலது கடுகைவிடச் சின்னது.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆத்துல தண்ணி இல்லாத ஊர்ல உக்காந்துகினு கப்பல் கட்றீங்களா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில் என்று வேலூரைப் பற்றி ஊரே பாடும். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்ததில் அந்தப் பட்டியலில் ஒன்று அடிபட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது இன்னொன்றும் சில நாட்களுக்கு அடிபட்டது. அவ்வளவுதான் எங்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு. நானே கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எம்டனை பேட்டில்ஷிப் வகையில் சேர்க்க முடியாது. அது லைட் குரூஸர், அதாவது வேகத்துக்காகக் கட்டிய இளைத்த உடம்பு. நிஜக் கப்பலின் நீளம் 118 மீட்டர் சொச்சம், அகலம் பதிமூன்றரை மீட்டர். பிஸ்மார்க் மாதிரி ஒரு முழு பேட்டில்ஷிப்போ 250 மீட்டருக்கு நீளும். ஆனால் தமிழில் எல்லாமே போர்க்கப்பல்தான். அதுவும் பேச்சு வழக்கில் ஒரு சொல்லாகவே மாறி நம் வீட்டுக்குள் வந்த போர்க்கப்பல் இது ஒன்றுதான். 350-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 34 சென்டிமீட்டர். அதில் பத்து பீரங்கிகள், ஒவ்வொன்றின் குழலும் 12 மில்லிமீட்டர் நீளம்.

கட்டுகிற வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உடல் இரண்டு பாதியாக வரும். ஒட்டுகிற திரவம் பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துவிடும். சேர்ந்த இடத்தில் கோடு தெரிந்தால் பட்டி பார்த்து, காய்ந்ததும் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் செய்கிற அதே வேலை, விரல் நுனியில். கருவிகள் என்று பார்த்தால் ஒரு பிளேடு, ஒரு டுவீசர், அப்புறம் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் வேண்டாம் என்று கொடுத்த இரண்டு கொக்கிகள். நங்கூரம் ஒன்று டுவீசரிலிருந்து தெறித்துக் காணாமல் போனது. இரண்டு நாள் கழித்து துடைப்பத்தின் ஈர்க்குகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்ததை என் மகள்தான் கண்டுபிடித்தாள்.

வம்பு ஆரம்பித்தது பெயிண்டில்.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியின் ஃபினிஷிங் பிரிவில் எனக்கு 26 வருஷ வேலை. பிக்மென்ட், பைண்டர், தண்ணீர் எல்லாம் கலந்து, அடியில் ஓட்டை உள்ள ஃபோர்டு கப்பில் ஊற்றி, எத்தனை நொடியில் ஓடி முடிகிறது என்று பார்த்து ஸ்ப்ரேக்கு அனுப்புவது என் பிழைப்பு. ஆகவே பெயிண்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மற்றவர்கள் பழைய டப்பாக்களின் மேல் ஏர்பிரஷ், அதாவது காற்றால் பெயிண்ட் தெளிக்கிற சின்னக் கருவி, பிடித்துப் பழகுவார்கள். நான் நேராகக் கப்பலில் இறங்கினேன். அதுவும் வெள்ளை. எம்டன் அமைதிக் காலத்தில் வெள்ளை உடம்பும் சந்தன நிறப் புகைபோக்கிகளுமாக இருந்த கப்பல். அந்த அழகைப் பார்த்துத்தான் 'கிழக்கின் அன்னம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அன்னத்தைச் செய்யாமல் வேறு எதைச் செய்வது?

முதல் தடவை, மே மாதம், கத்திரி வெயில், மொட்டை மாடி ஷெட், காலை பதினொரு மணி. கம்ப்ரஸரைப் போட்டு அடித்தேன். முடித்துவிட்டு விரலால் தடவினால் ரவை. பெயிண்ட் துளி கப்பலைத் தொடும் முன்னாலேயே காற்றில் காய்ந்து பொடியாகப் போய் விழுந்திருக்கிறது. டேனரியில் இதற்கு டிரை ஸ்ப்ரே என்று பெயர். ஸ்ப்ரே கன்னைத் தூரமாகப் பிடிக்கிற பையன்களை இதற்காக எத்தனை நாள் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன்! அவர்கள் யாரும் அப்போது மாடியில் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் எல்லாவற்றையும் துடைத்து எடுத்து, இரண்டாம் தடவை தின்னரைத் தாராளமாக ஊற்றினேன். இந்த முறை காயவே இல்லை. கப்பலின் மூக்கிலிருந்து கீழே மூன்று கோடு வழிந்து, அழுத குழந்தை மாதிரி நின்றது.

மூன்றாம் தடவைக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். காற்றும் இல்லை, சூடும் இல்லை. கலவை பால் பதத்தில் இருந்தது. மெல்லிசாக, ஒன்று காய்ந்த பின் ஒன்றாக நாலு கோட். வெள்ளைக்கு மூடும் சக்தி கம்மி. அவசரப்பட்டு ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் மூலை முடுக்கில் தேங்கி, சின்னச் சின்ன விவரங்களை எல்லாம் விழுங்கிவிடும். நாலாவது கோட் அடித்து நிமிர்ந்தபோது உண்மையிலேயே அன்னம். கீழே போய் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் கப்பலின் வயிற்றுப் பக்கம், ஈரப் பெயிண்டில், ஒரு கொசு.

இறக்கை விரித்து, ஆறு காலும் பதிந்து, அழகாக ஒட்டியிருந்தது. ஸ்கேல் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஐந்து மில்லிமீட்டர். 350-ஆல் பெருக்கினால் ஐந்தடி ஒன்பது அங்குலம். என் எம்டனில் ஏறிய முதல் மாலுமி. எடுத்தால் தோல் உரிந்த மாதிரி பெயிண்ட் கூடவே வந்தது.

அன்றைக்கு வேலைக்குப் போய் மேஜையில் தோல்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. உண்ணி கடித்த வடு, முள் கிழித்த கோடு இல்லாத நல்ல தோலாக இருந்தால்தான் வெளிர் நிறத்துக்கு ஒதுக்குவோம். வடு இருந்தால் மேலே தேய்த்து எடுக்கிற பஃபிங், கெட்டியான பிக்மென்ட், அடர் நிறம். இருபத்தாறு வருஷமாக ஊருக்குச் சொல்கிற விதியை நான் என் கப்பலுக்குப் பார்க்கவில்லை. பட்டி பார்த்த கோடும் ஸ்பிரிட் அரித்த இடமும் உள்ள உடம்புக்கு வெள்ளை ஏற்குமா?

சாம்பலுக்கு மாறினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அப்புறம் புரிந்தது, ஏனென்றால் எம்டனே அப்படி மாறியதுதான். 1914-இல் யுத்தம் வந்ததும் வெள்ளை போய்ச் சாம்பல் வந்தது. அந்த செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்று, விளக்கடித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது சாம்பல் நிற எம்டன். நூற்றுக்கும் மேல் குண்டு போட்டுவிட்டு, அரை மணிக்குள் இருட்டில் போய்விட்டது. சித்தப்பாவின் சொத்து வழக்குக்காக மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு அலைந்த காலத்தில், குண்டு விழுந்த இடத்தில் பதித்திருக்கிற கல்வெட்டை நான் பார்த்திருக்கிறேன். வழக்கு எங்கள் பக்கம் முடியவில்லை, கல்வெட்டு மட்டும் மிச்சம். எப்படியும் ஆயாவின் எம்டன் சாம்பல்தான். அன்னம் ஜெர்மன்காரர்களுக்கு.

சாம்பல் இரண்டே காலையில் முடிந்தது. தண்ணீருக்கு அடியில் இருக்கிற பாகத்துக்குச் சிவப்பு. மேலே லேசாக எண்ணெய் பெயிண்ட் கரைசல் ஓடவிட்டுத் துடைத்ததும், விவரங்கள் தாமாகவே எழுந்து நின்றன.

எனக்கு இதில் மிகப் பிடித்த வேலை கயிறு கட்டுவது. பாய்மரங்களுக்கு நடுவே ஓடுகிற கம்பிகள் கிட்டில் வருவதில்லை. நூல் கட்டினால் கயிற்றுக் கட்டில் மாதிரி முரடாக இருக்கும். துண்டுகளைத் தாங்கி வருகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு குச்சியை வெட்டி, அகல் விளக்கின் சுடருக்கு மேலே விரலால் உருட்டிக்கொண்டே காட்ட வேண்டும். பட்டால் எரிந்துவிடும், ஓர் அங்குலம் மேலேயே. சற்று நேரத்தில் குச்சியின் நடுப்பகுதி பளபளத்து, இடுப்பு தளர்ந்து தொய்யும். உடனே விளக்கை விட்டு விலக்கி, ஒரு மூச்சு பொறுத்து, இரண்டு கையையும் விரித்து இழுத்தால் ஜவ்வு மிட்டாய் போல நீண்டு, தலைமுடியைவிட மெல்லிய இழை வரும். வேகமாக இழுத்தால் இன்னும் மெல்லிசு. வீட்டில் ஃபேனை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பறந்துவிடும். இழையின் இரண்டு நுனியையும் துளி பசையில் ஒட்டியபின் தொய்வாக இருந்தால், ஊதுபத்தியை ஏற்றிப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், சுண்டி விறைத்துக்கொள்ளும். ரொம்பப் பக்கம் போனால் அறுந்துவிடும். பதினேழு இழை கட்ட நாற்பது இழை இழுத்தேன். பூஜை அறை ஊதுபத்தி பாக்கெட் காலியானதற்கு மனைவி இன்றைக்கும் கணக்குக் கேட்கிறாள்.

கடைசியாக அந்த நாலாவது புகைபோக்கி. எம்டனுக்கு நிஜத்தில் மூன்றுதான். பிரிட்டிஷ் கப்பல் யார்மவுத்துக்கு நாலு. அதைப் போலத் தெரிய வேண்டும் என்று எம்டன்காரர்கள் சட்டம் கட்டி, கான்வாஸ் துணி சுற்றி, பொய்யாக ஒன்றை நிறுத்திக்கொண்டார்கள். 1914 அக்டோபர் 28 விடியற்காலை அந்த வேஷத்தில்தான் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். சுடுகிற நேரத்தில் சொந்தக் கொடியை ஏற்றிவிட்டு, ஷெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார்கள். அடுத்த பன்னிரண்டாம் நாள், நவம்பர் 9, கொகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டு எம்டன் கதை முடிந்தது. எம்டனின் கேப்டன் ஃபான் முல்லர் உயிரோடு பிடிபட்டார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் புகழ்ந்தன. ஒரு வார்த்தை எப்படித் திட்டாகவும் பாராட்டாகவும் ஒரே நேரத்தில் ஆனது என்பதற்கு ஆயாவின் குரலே எனக்குச் சாட்சி.

அந்தப் பொய்க்கு மட்டும் நான் பிளாஸ்டிக்கைத் தொடவில்லை. கையுறைக்குப் போகிற ஆட்டுத் தோலின் வெட்டுத் துண்டு ஒன்று, அரை மில்லிமீட்டர்கூட கனமில்லை, அதை இளநீர்க் கடை ஸ்ட்ராவின் மேல் சுற்றி ஒட்டினேன். கூர்ந்து பார்த்தால் தோலின் மயிர்க்கண் தெரியும். ஸ்கேல் கணக்குக்கு ஒத்து வராது, தெரியும். மற்றதெல்லாம் கிட்டில் வந்தது, இது ஒன்றாவது என் கைத்தொழிலில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடியில் குண்டூசி வைத்துச் செருகியிருப்பதால், வேண்டுமென்றால் கழற்றலாம்.

2025-இல் நவராத்திரி தொடங்கிய நாள் செப்டம்பர் 22. நான் பார்த்து வைத்த தேதி இல்லை, பஞ்சாங்கம் வைத்தது. கொலுவில் தசாவதாரத்துக்குக் கீழ்ப்படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் மகள் எம்டனை வைத்துவிட்டாள். பார்க் கட்டின தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிடுகிறேன் என்றாள், அதை மட்டும் தடுத்துவிட்டேன். வந்த பெண்களில் ஒருவர், "எம்டன்னா யாரோ ஆளு பேருன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்றார்.

மூன்றாம் நாள் ராத்திரி பார்த்தால் புகைபோக்கி மூன்றுதான் இருக்கிறது. நாலாவதைக் காணோம். படிக்கு அடியில், கோலத்தில், துடைப்பத்தில் எல்லாம் தேடியாயிற்று.

மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் சுண்டல் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கழுவித் துடைத்த டப்பாவுக்குள் அது. "மன்னிச்சுக்குங்கண்ணா. டவுசர் பாக்கெட்ல வெச்சிகினு வந்துட்டிருக்கான் இந்த எம்டன்" என்று பின்னால் ஒளிந்திருந்த நாலு வயதுப் பையனை முன்னுக்கு இழுத்தாள்.

அது கழற்றத்தான் இருக்கிறது என்று சொல்லி, அவன் கையிலேயே கொடுத்துச் செருகச் சொன்னேன். நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓர் இழைகூட அறுக்காமல் செருகினான். பீரங்கி ஒன்றின் வாய்க்குள்.