ஒரகடம் கிடங்கும் வாரக்கடைசி வகுப்பும்

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

இரண்டாவது செமஸ்டர் தொடங்கிவிட்டது. வேலையை விடாமல் படிக்கும் எம்.டெக்., சப்ளை செயின் ஆட்டோமேஷன். சனி, ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆன்லைன் வகுப்பு. எங்கள் பேட்ச்சில் ஓசூர்க்காரர்கள் அதிகம், அப்புறம் கோவை, புனே. துபாயிலிருந்து ஒருவர் இருக்கிறார். அவருக்கு அது விடியற்காலை ஐந்தரை, பாவம்.

இன்று கிடங்குகளில் ரேக்கைத் தூக்கிச் செல்லும் கீவா ரோபோ வீடியோ போட்டார்கள். 2012இல் அமேசான் 77.5 கோடி டாலருக்கு வாங்கிய கம்பெனி. ஆள் ரேக்கைத் தேடிப் போவதில்லை, ரேக் ஆளைத் தேடி வருகிறது. எல்லோரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என் கண் மட்டும் தரைக்குப் போனது. தரையில் ஒட்டியிருக்கும் குறிகளைப் படித்துத்தான் அந்த வண்டிகள் வழி கண்டுபிடிக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் எங்கள் வாகன உதிரிபாகக் கிடங்கில், மூன்றாம் டாக் (லாரி நின்று சரக்கு இறக்கும் இடம்) பக்கம் தரையே விரிசல். கையால் தள்ளும் சரக்கு வண்டியான ஹேண்ட் பேலட் டிரக்கின் சக்கரம் அதில் மாட்டினால் இரண்டு பேர் தள்ள வேண்டும்.

கடைசி செமஸ்டர் பிராஜெக்ட் அவரவர் வேலை செய்யும் இடத்தில்தான் செய்ய வேண்டும். தலைப்பை இப்போதே யோசிக்கச் சொல்கிறார்கள். எங்கள் மேனேஜருக்குச் சந்தேகமே இல்லை: "ரோபோன்னு போடும்மா, மேலிடத்துல காட்டலாம்."

ஆகஸ்ட் 24, சனி

பீர் கேம் ஆடினோம். 1960களில் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் குழுவினர் உருவாக்கிய விளையாட்டு, பெயரில்தான் பீர். கடைக்காரர், மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், தொழிற்சாலை என்று நான்கு பேர். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது, அடுத்தவருக்கு ஆர்டர் மட்டும் அனுப்பலாம். வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி கேட்கிறார். ஐந்தாம் வாரத்திலிருந்து 8. அவ்வளவுதான், கடைசி வரை 8 தான். ஆனால் சரக்கு தீர்ந்துவிடுமோ என்று ஆளாளுக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதில், தொழிற்சாலையாக இருந்த ஓசூர்க்காரருக்கு நாற்பதுக்கு மேல் ஆர்டர் வந்தது. அதை அவர் தயாரித்து முடித்தபோது கேட்க ஆளில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஆறாம் வரிசை ரேக் முழுக்க நிற்கும் கிளட்ச் பிளேட்டுகளின் கதை இதுதான். வாங்கும் துறைக்காரர்களைத் திட்டியே பழகிவிட்டோம். அவர்கள் கையில் இருந்தது அவர்களுக்கு வந்த ஆர்டர் மட்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

லிட்டில் விதி. ஜான் லிட்டில் 1961இல் நிறுவியது. உள்ளே நிற்பவற்றின் எண்ணிக்கை = வரும் வேகம் × ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் நேரம். இதற்கா ஒரு விதி என்று தோன்றும். பேராசிரியர் வங்கி வரிசையை உதாரணம் காட்டிக்கொண்டிருக்க, நான் லாரிகள் நிற்கும் எங்கள் யார்டைப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 4 லாரி வருகிறது, ஒவ்வொன்றும் 3 மணி நேரம் நிற்கிறது என்றால் எப்போதும் 12 லாரி உள்ளே நிற்கும். எங்களுக்கு இருப்பது ஐந்து டாக். மீதி எங்கே நிற்கும்? ரோட்டில்.

நாளைக்கே கேட் ரிஜிஸ்டரை வாங்கி உட்கார்ந்துவிடலாம் என்று இருக்கிறேன். செக்யூரிட்டி எழுதும் உள்ளே–வெளியே நேரத்தை இதுவரை யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்டர்னல் தேர்வு. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். மாமியார் காபி கொண்டுவந்து வைத்தார், திரையில் எச்சரிக்கை வந்துவிட்டது. "யாரும்மா அது உள்ளேயிருந்து நம்மைப் பாக்கறது?" என்று வேறு கேட்டார்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை என்பதால் இன்றே கிடங்கில் பூஜை. ஃபோர்க்லிஃப்டுக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சை. ஸ்கேனர்களைச் சார்ஜரோடு வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தார்கள். ஒன்றில் பொட்டு லென்ஸ் மேலேயே விழுந்து, துடைத்த பிறகுதான் படித்தது.

பூஜைக்குப் பின் டாக் சூப்பர்வைசர் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன். ரிஜிஸ்டர் கணக்கைக் காட்டினேன்: சரக்கை இறக்க முக்கால் மணி நேரம்தான் ஆகிறது, காத்திருப்பதுதான் மணிக்கணக்கு. அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எல்லாரும் ராத்திரி ஓட்டிட்டு விடியக்காலம் வந்து நிக்கறான் மேடம். முதல்ல இறக்கினாத்தான் சாயங்காலம் ரிட்டர்ன் லோடு பிடிக்க முடியும். மத்தியானம் மூணு மணிக்கு வந்து பாருங்க, டாக் காலியாக் கெடக்கும்."

இறங்கிய பிறகும் தொல்லை உண்டு. சப்ளையர் லேபிளை ஒட்டிவிட்டு அதன் மேல் பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றுகிறார். ஃபிலிம் பளபளப்பில் ஸ்கேனர் திணறுகிறது. பையன் பிளேடால் கிழித்துவிட்டு ஸ்கேன் செய்கிறான். பிரேக் பேட் பில்லில் 50 செட், எங்கள் கணினியில் பீஸ் கணக்கு. செட்டுக்கு நான்கு. 50 என்றே ஏற்றிவிட்டால் 150 பீஸ் ரேக்கில் இருந்தும் கணக்கில் இல்லை. எந்த ரோபோ வந்தும் இதைத் தீர்க்காது. அந்தத் தப்பான 50ஐ வேகமாக எடுத்துப் போய் வைக்கும்.

அக்டோபர் 15, செவ்வாய்

கனமழைக்கு ரெட் அலர்ட். வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். தெருக்கடையில் பால், பிரட் காலி. இந்த வாரப் பாடம் பாதுகாப்புக் கையிருப்பு, அதாவது தட்டுப்பாடு வராமலிருக்க கூடுதலாக வைத்திருக்கும் சரக்கு. இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சூத்திரத்தில் ஒரு விஷயம் உறைத்தது. நூற்றில் 95 தடவை சரக்கு இருக்க வேண்டுமென்றால், தேவை ஏறி இறங்கும் அளவை (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) 1.65ஆல் பெருக்க வேண்டும். 99 தடவை என்றால் 2.33. அதாவது அந்த நான்கு சதவீதத்துக்காகப் பாதுகாப்புக் கையிருப்பு 40 சதவீதம் கூடுகிறது. "எல்லா ஐட்டமும் 99 வேணும்" என்று எங்கள் சேல்ஸ் டீம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடும்.

நவம்பர் 9, சனி

பிராஜெக்ட் தலைப்புக்கான ரிவ்யூ. ரோபோ இல்லை என்று சொல்லிவிட்டேன். லாரி எப்போது வரும் என்பதை முன்கூட்டியே கணித்து டாக் நேரம் ஒதுக்குவது, இதுதான் தலைப்பு. தரவு ஏற்கெனவே இருக்கிறது. சரக்கோடு வரும் மின்னணு ஆவணமான இ-வே பில்லில் வண்டி எண் இருக்கிறது. அந்த வண்டி எந்த டோலை எப்போது தாண்டியது என்பது ஃபாஸ்டேகில் பதிவாகிறது. இப்படி அரசுத் துறைகளிடம் சிதறிக் கிடந்த தரவை ஒரே இடத்தில் தருவதற்குத்தான் 2022 செப்டம்பரில் தேசியத் தளவாடக் கொள்கையோடு யூலிப் தளத்தைக் கொண்டுவந்தார்கள். ஓசூர் லாரி வரும் வழியிலுள்ள வாலாஜா டோலைத் தாண்டினால் எங்கள் கேட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

"இதுல ஆட்டோமேஷன் எங்கே?" என்றார் வெளியிலிருந்து வந்த பரிசோதகர். இயந்திரம் நகர்ந்தால்தான் ஆட்டோமேஷன் என்று நினைப்பவர்கள் கல்லூரியிலும் இருக்கிறார்கள், எங்கள் கம்பெனியிலும் இருக்கிறார்கள். கேட் ரிஜிஸ்டர் வரைபடத்தைக் காட்டினேன்: காலை ஆறிலிருந்து பத்து வரை மலை, மூன்று மணிக்குப் பள்ளம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செட்–பீஸ் சரிபார்ப்பையும் இதில் சேர்க்கச் சொன்னார். சரி என்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ஒதுக்கிய நேரத்துக்கு வண்டி அனுப்ப ஒரே ஒரு டிரான்ஸ்போர்ட்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய நிபந்தனை: சொன்ன நேரத்துக்கு வண்டி வந்தும் டாக் காலியில்லை என்றால் ஹால்டிங் சார்ஜ் (வண்டி காத்து நிற்பதற்கான கட்டணம்) எங்கள் கணக்கு. நியாயம்தான், மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை. சூப்பர்வைசர் அண்ணனின் கேள்வி வேறு: "வாலாஜா தாண்டி டீக்கு நிறுத்திட்டான்னா?" ஒதுக்கும் நேரத்தில் முக்கால் மணி நேரம் முன்பின் ஆகலாம் என்று அவகாசம் வைத்திருக்கிறேன். அது போதாது, ஒரு மணி நேரமாக்கச் சொல்கிறார். டிசம்பர் ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.