வளவு அறையும் 35 ஹெர்ட்ஸும்

"கதவெல்லாம் அதிருதேப்பு, உனக்கு இன்னுமா கேக்கலெ?" என்று ஆத்தா தாழ்வாரத்திலிருந்து எழுந்து வந்து கேட்டபோது, நான் அறையின் நட்டநடுவே நாற்காலியில் அமர்ந்து, தாழ்ந்த ஒலிகளுக்கென உள்ள ஸ்பீக்கர் பெட்டியான சப் வூஃபரின் பின்பக்கத்துக் குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதும் உண்மை, எனக்குக் கேட்காததும் உண்மை. ஒரே பெட்டியிலிருந்து வரும் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி, கதவோரம் நிற்பவருக்கு இடி முழக்கமாகவும் நடுவில் அமர்ந்திருப்பவருக்கு ஓட்டை விழுந்த ஒலியாகவும் இருப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான் அளவெடுக்கும் மைக் ஒன்றை வாங்கினேன். அதற்கு முன் ஓராண்டு காலம் காதை மட்டும் நம்பிக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். அந்த ஓராண்டில் ஒரு முன்னேற்றமும் இல்லை.

எங்கள் வீடு காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் காணும் வழக்கமான அமைப்பில் கட்டப்பட்டது. முகப்பு, பட்டாலை, நடுவே வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள், பின்னால் இரண்டாம் கட்டு என்று நீளும். அந்த வரிசையில் ஓர் அறையைப் பாட்டுக் கேட்பதற்கென வைத்துக்கொண்டேன். 5 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 4.2 மீட்டர் உயரம். சுவர் ஒன்றரை அடிக்கு மேல் தடிமன் கொண்ட செங்கல் கட்டு. அதன்மேல் கண்ணாடி போல வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சு. தரையில் ஆத்தங்குடிக் கல். மேலே தேக்கு உத்தரங்களின் மீது செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட மச்சு. வெயில் காலத்தில் இந்தச் சுவரின் அருமை தெரியும். பேஸ் விஷயத்தில் மட்டும் இதே சுவர் வேறு முகம் காட்டுகிறது.

சப் வூஃபரை எங்கே வைப்பது, எப்படிச் சரிசெய்வது என்று இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, மரச்சட்டத்தில் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்தப் பலகை தாழ்ந்த அதிர்வுகளுக்குத் தானே வளைந்து கொடுத்து, வந்த ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கி, இன்னொரு பங்கை வெளியே விட்டுவிடும். நம் சுவர் வளையாது, விழுங்காது, விடாது. வந்த அலையை ஏறக்குறைய முழுமையாகத் திருப்பி அனுப்பும். எதிர்ச்சுவரும் அப்படியே செய்யும். ஆகையால் எல்லா அறைகளுக்கும் உள்ள சிக்கல் இங்கே இரண்டு மடங்கு கூர்மையாக வெளிப்படுகிறது.

அந்தச் சிக்கல் நிலை அலை: எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே போய்த் திரும்பும் ஒலிகள் ஒன்றுசேர்ந்து, சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் மாய்ந்தும் நிற்பது. 20 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்லும். எங்கள் ஊரில் இரவிலும் 32 டிகிரி இருக்கும் நாட்களில் 350 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அறையின் நீளத்தை இரண்டால் பெருக்கி, அதனால் 350-ஐ வகுத்தால் அந்தத் திசையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது அலை அப்படி நிற்கும் அதிர்வெண், கிடைக்கும். நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 35 அதிர்வு), அகலத்துக்கு 50, உயரத்துக்கு ஏறத்தாழ 42. இவற்றின் இரட்டிப்புகளான 70, 100, 83 ஆகியவற்றிலும் அலைகள் நிற்கும். முதல் அலையின் அழுத்தம் இரு சுவர்களிலும் உச்சமாக இருக்கும், சரியாக நடுவில் சுழியாகிவிடும். நான் நாற்காலியைப் போட்டிருந்தது மின்விசிறிக்கு நேர் கீழே, அறையின் சரிநடுவில். நீளத்தின் முதல் அலையும் அகலத்தின் முதல் அலையும் ஒருசேர மாய்கின்ற ஒரே இடம் அதுதான். ஆத்தா நின்ற கதவு மூலையோ எல்லா அலைகளும் உச்சம் தொடும் இடம்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அளப்பது எதற்கு என்று கேட்கலாம். ஒலி ஓங்கும் ஒவ்வொரு மேடும் எத்தனை டெசிபல் (ஒலி அளவின் அலகு), எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் கணக்கு சொல்வதில்லை. சுவர், கதவு, பீரோ, கட்டில் எல்லாம் சேர்ந்து அதை முடிவுசெய்கின்றன. ஜான் மல்காஹி என்பவர் உருவாக்கி இலவசமாக வழங்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற, அறையின் ஒலியை அளக்கும் மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றி, மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 மைக்கை அதற்குரிய திருத்தக் கோப்போடு இணைத்து, உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் தாங்கியில் பொருத்தினேன். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். அதன் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் அதிகம். எனவே ஊர் அடங்கிய பிறகு, இரவு பதினொரு மணிக்கு மேல், வேர்த்து வழிய வழியத்தான் அளக்க முடிந்தது.

15 ஹெர்ட்ஸில் தொடங்கி 200 வரை ஏறும் சோதனை ஒலியை முதன்முதலாக ஓடவிட்ட இரவு நன்றாக நினைவிருக்கிறது. முதல் சில நொடிகள் எதுவும் கேட்கவில்லை. சப் வூஃபரின் கூம்பு மட்டும் உள்ளும் வெளியுமாக அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு தரைக்கடியிலிருந்து வருவதைப் போன்ற ஒரு முனகல் எழுந்து மெல்ல மெல்ல ஏறியது. ஓரிடத்தைக் கடக்கும்போது மட்டும் கதவின் நாதாங்கி வளையம் "கிணிகிணி"யென்று அடித்துக்கொண்டு, ஒலி அந்த இடத்தைத் தாண்டியதும் சட்டென்று நின்றது. ஆத்தா சொன்ன கதவு அதிர்வு அதுதான். வளையத்துக்குப் பின்னால் ஒரு துண்டுக் கம்பளித் துணியைச் செருகிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். இப்படி அறையில் கிணுகிணுக்கும் பொருட்களை முதலில் கண்டுபிடித்து அடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் நாம் கேட்பது எது, பாட்டா, அறைச் சாமான்களா என்று பிரித்தறிய முடியாது. சுவரில் மாட்டியிருந்த பழைய புகைப்படச் சட்டங்களில் இரண்டுக்கும் இதே வைத்தியம் செய்தேன்.

வரைபடம் திரையில் வந்தபோது ஓராண்டுக் குழப்பம் ஒரு நிமிடத்தில் தெளிந்தது. நடு நாற்காலியில் 42-இல் ஒரு மேடு, 70-இல் அதைவிடப் பெரிய மேடு, 35-இல் ஆழமான பள்ளம், 50 முதல் 65 வரை மற்றொரு பள்ளம். மைக்கை அப்படியே கதவு மூலைக்குக் கொண்டுபோய் அளந்தால், 35 ஹெர்ட்ஸின் அளவு நடுவில் இருந்ததைவிட 22 டெசிபல் கூடுதல். ஆற்றல் கணக்கில் இது 150 மடங்குக்கும் மேல். நான் பள்ளத்தில் அமர்ந்துகொண்டு பள்ளத்தை நிரப்புவதற்காகக் குமிழை ஏற்றியிருக்கிறேன். ஏற்றியதெல்லாம் மூலையில் போய்க் குவிந்திருக்கிறது.

பள்ளத்தை, குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் ஈக்வலைசரால் நிரப்பலாம் என்ற எண்ணம் எனக்கு மட்டும் வந்த தவறில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நிலை அலையின் பள்ளம் என்பது ஒலி குறைவாக இருக்கும் இடமன்று. நேராக வரும் ஒலியும் திரும்பி வரும் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடம். ஒன்றைக் கூட்டினால் மற்றதும் அதே அளவு கூடும், அழிவும் அப்படியே தொடரும். நானோ 35-இல் 9 டெசிபல் கூட்டி வைத்திருந்தேன். 9 டெசிபல் என்றால் ஆம்ப்ளிஃபையரிடம் எட்டு மடங்கு ஆற்றல் கேட்பதாகும். பலமான தவில் தட்டு ஒன்று வரும்போது கூம்பு தன் எல்லையைத் தொட்டு "டக்" என்று இடித்தது. மேட்டைக் குறைக்கலாம், பள்ளத்தை நிரப்பக் கூடாது. பள்ளத்துக்கு மருந்து இடம் மாறுவது ஒன்றுதான்.

எங்கே மாறுவது என்பதைத் தேட ஒரு நல்ல குறுக்கு வழி உண்டு. ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் அறையின் விளைவு அதேதான். ஆகவே சப் வூஃபரை நாற்காலி இருக்கும் இடத்தில் ஒரு முக்காலியின் மேல் வைத்துவிட்டு, மைக்கைச் சுவரோரமாக ஒவ்வோர் இடமாக நகர்த்தி அளந்தால், எந்த இடத்தில் வரைபடம் சீராக வருகிறதோ அந்த இடத்தில் பெட்டியை வைக்கலாம். கனமான பெட்டியை இருபது முறை இழுக்க வேண்டியதில்லை, கல்லும் கீறாது. இங்கே ஆத்தங்குடிக் கல் எனக்கு ஒரு பெரிய உதவி செய்தது. எங்கள் அறையில் பதித்திருப்பது 8 அங்குலச் சதுரக் கல். தரை முழுவதும் வரைபடத்தாள் விரித்தது போலத்தான். டேப் எதுவும் வேண்டாம். முன்சுவரிலிருந்து ஆறாவது கல், பின்சுவரிலிருந்து ஒன்பதாவது கல் என்று எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டே போனேன்.

முதலில் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து ஒன்பது கல், அதாவது ஏறத்தாழ 1.8 மீட்டர் தள்ளிப் போட்டேன். பிறகு சுவரோரத் தேடலில் இடப்பக்கச் சுவரில், முன்சுவரிலிருந்து ஆறாவது கல் மற்ற எல்லா இடங்களையும் வென்றது. காரணமும் புரிந்தது. ஆறு கல் என்பது 1.2 மீட்டருக்குச் சற்று மேல், அறை நீளத்தில் கால் பங்குக்கு மிக அருகில். 70 ஹெர்ட்ஸ் அலையின் அழுத்தம் சுழியாகும் இடம் அது. அங்கிருந்து ஒலிக்கும் பெட்டியால் அந்த அலையைத் தூண்டவே முடியாது. நடு நாற்காலியில் என்னை வாட்டிய அந்தப் பெரிய மேடு, ஒரு ஃபில்டரும் போடாமல், பெட்டியை இடம் மாற்றியதாலேயே போய்விட்டது.

இடையில் மெத்தைச் சோதனை ஒன்றும் செய்தேன். பெட்டகத்தில் கிடந்த இலவம் பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நான்கு மூலைகளிலும் நிறுத்தினேன், தரையில் ஜமக்காளம் விரித்தேன். பேச்சின் எதிரொலி குறைந்தது, குரல் தெளிந்தது, 35 ஹெர்ட்ஸ் மட்டும் அசையவில்லை. அந்த அலையின் நீளம் 10 மீட்டர்; சுவரை ஒட்டி நிற்கும் ஒரு முழப் பஞ்சு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மெத்தைகள் பெட்டகத்துக்குத் திரும்பின.

மெத்தையால் ஆகாதது கதவால் ஆனது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. வளவைப் பார்த்த இரட்டைக் கதவில் ஒன்றைத் திறந்து வைத்து அளந்தால், 35-இன் மேடு 3 டெசிபல் இறங்கியது. அதைவிட முக்கியமாக, அந்த ஒலி அடங்கும் நேரம் குறைந்தது. எவ்வளவு உரக்க என்பதைப் போலவே எவ்வளவு நேரம் என்பதும் பேஸில் முக்கியம். கதவு மூடியிருந்தபோது 35 ஹெர்ட்ஸ் 40 டெசிபல் தணிய 800 மில்லி நொடி ஆயிற்று, திறந்தபோது 500. வளவுக்கு மேலே வானம், அங்கே போன அலை திரும்பி வருவதில்லை. தாழ்வாரத்தில் யாரும் இல்லாத இரவுகளில் ஒரு கதவைத் திறந்து வைத்துத்தான் இப்போது கேட்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஈக்வலைசர். மிச்சமிருந்தவை இரண்டு மேடுகள்: தரைக்கும் மச்சுக்கும் இடையே நிற்கும் 42-இல் 8 டெசிபல், 35-இல் 6 டெசிபல். முன்னதில் 7, பின்னதில் 5 குறைத்தேன். இப்படிக் குறைக்கும் ஃபில்டரின் அகலம் மேட்டின் அகலத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் மேடு இறங்குவதோடு ஒலி இழுபடுவதும் குறையும். 55-ஐச் சுற்றி ஒரு சிறு பள்ளம் இருக்கிறது, அதைத் தொடவில்லை. 80 ஹெர்ட்ஸில் முன் ஸ்பீக்கர்களும் சப் வூஃபரும் கைமாறும் இடத்தில் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, அங்கிருந்த குழி நிரம்பும் வரை, இரண்டின் அலைகளும் ஒன்றோடொன்று இசையச் செய்யும் ஃபேஸ் குமிழைத் திருப்பினேன். 120 டிகிரிக்கு அருகில் நிரம்பியது. ஒன்று மட்டும் வரைபடத்தைக் காட்டிலும் காதுக்கு விட்டுக்கொடுத்தேன். நான் இரவில் தணிந்த ஒலியில் கேட்பவன். 1,000 ஹெர்ட்ஸை 2 டெசிபல் அளவிலேயே உணரத் தொடங்கும் மனிதக் காதுக்கு 31.5 ஹெர்ட்ஸை உணர ஏறத்தாழ 60 டெசிபல் வேண்டும். ஆகையால் சமதளமாக்கிய பேஸ் முழுவதையும் 5 டெசிபல் உயர்த்தி வைத்திருக்கிறேன்.

50 ஹெர்ட்ஸைப் பற்றி நம் நாட்டவருக்கென ஒரு குறிப்பு. நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணும் 50. எங்கள் அறையின் அகலமும் அதே எண்ணில் ஒத்ததிர்வதால், கருவிகளுக்கிடையே எர்த் வழியாக நுழைந்த ஒரு மெல்லிய ஹம், பக்கச் சுவரோரம் நின்றால் வண்டு ரீங்காரம் போலக் கேட்டது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்ட்டுக்கு மாற்றியதும் நின்றது.

என் சோதனைப் பாட்டு மிருதங்கத் தனியாவர்த்தனம். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் கையை அழுத்தி நகர்த்திக் கும்கி எடுக்கும்போது, ஒலி ஒரே இழையாக ஏறி இறங்க வேண்டும். முன்பெல்லாம் அந்த இழை 70-ஐக் கடக்கும்போது நடுவில் வீங்கும். யாரோ அந்த ஒரு கணத்துக்கு மட்டும் ஒலியைக் கூட்டிவிட்டது போல இருக்கும். வாசிப்பவரின் பாணி அது என்றே நான் நம்பிக்கொண்டிருந்தேன். பெட்டி ஆறாவது கல்லுக்கு நகர்ந்த இரவு அதே ஒலிப்பதிவைக் கேட்டேன். கும்கி வீக்கமின்றி வழுக்கிச் சென்று, அடுத்த சொல் (தட்டு) விழும் முன் அடங்கியது. தொப்பிச் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே அத்தனை மௌனம் இருக்கிறது என்பதை அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் கதவு மூலையையும் திரும்ப அளந்தேன். நாற்காலியில் கேட்கும் பொது ஒலி அளவு முன்பு இருந்ததேதான். மூலையில் 35 ஹெர்ட்ஸ் மட்டும் 14 டெசிபல் இறங்கியிருந்தது. அடுத்தாற்போல் வலப்பக்கச் சுவரில் இரண்டாவது சப் வூஃபர் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெட்டிகள் ஒரே போல ஒலித்தால், அவற்றிடையே நிற்கும் முதல் அலை தூண்டப்படாமலே போகும். எத்தனை பெட்டி, எந்த இடத்தில் என்பதை ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் முறையாக ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். என் நாற்காலிக்கு அதனால் பெரிய மாற்றம் வராது, பக்கத்தில் அமர்பவர்களுக்கு வரும். அதற்கான இடத்தையும் எண்ணி வைத்துவிட்டேன்: வலப்பக்கச் சுவர், அதே ஆறாவது கல்.