ஐப்பசி மழையில் விட்டதை மாசியில் பிடித்தேன்

குன்னூரில் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஐப்பசி பிறந்துவிட்டால் துணி காயாது, பகலிலேயே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டும், மண் சரிந்தது என்று மேட்டுப்பாளையம் ரயிலை அடிக்கடி நிறுத்துவார்கள். போன வருஷம் அப்படி ஒரு மழையில்தான் ஒன்றரை வருஷமாகக் கட்டிக் காத்த என் சாப்பாட்டு ஒழுங்கு கைவிட்டுப் போனது.

முதலில் கொஞ்சம் பின்கதை. என் அம்மாவுக்குச் சர்க்கரை. கால் விரலில் வந்த புண் ஆறாமல் கடைசியில் விரலையே எடுக்க வேண்டி வந்தது. நான்தான் கூட இருந்து கட்டு மாற்றினேன். அதனால் எனக்கு எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாசச் சராசரியைக் காட்டும் டெஸ்ட், 6.3 என்று வந்தபோது நிஜமாகவே பயந்துபோனேன். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். அந்தப் பயத்திலேயே சோற்றைக் குறைத்தேன், காயைக் கூட்டினேன், தினமும் நடந்தேன். ஒரு வருஷத்தில் 5.8-க்கு இறங்கியது.

அப்புறம்தான் ஐப்பசி. மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கோயம்புத்தூரில் இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. கேன்டீன் பரோட்டா, கிடைத்த நேரத்தில் டீ. வீடு திரும்பினால் தீபாவளிப் பலகாரம். இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, யாருக்கும் வருவதுதான். ஆனால் அதற்குப் பிறகு எனக்குள் ஓடிய நினைப்புதான் கெடுத்தது. ‘முழுக்க நனைந்தவளுக்குக் கூதல் என்ன?’ என்று ஒவ்வொரு நாளும் தோன்றியது. காலையில் இரண்டு லட்டு சாப்பிட்டால், சரி, இன்றைக்குக் கெட்டுப்போனது, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ராத்திரி வரைக்கும் இஷ்டப்படி சாப்பிடுவேன். நாளை என்பது திங்கட்கிழமை ஆனது, திங்கள் பொங்கலுக்கு அப்புறம் என்று ஆனது. மாசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது 6.4.

அடுத்த நாளே வெறி பிடித்த மாதிரி ஆரம்பித்தேன். காலையில் ராகிக் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி வெறும் வெள்ளரிக்காய். மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் சாயங்காலம் டீயோடு நாலு வர்க்கி ஒரே மூச்சில் உள்ளே போனது.

வர்க்கியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மைதா, டால்டா, சர்க்கரை, உப்பு சேர்த்து, மாவை மடித்து மடித்து விறகு அடுப்பில் சுடுவது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குளிரில் கை விறைத்திருக்கும்போது, சூடான டீயில் நனைத்த வர்க்கி வெளியே இளகி உள்ளே மொறுமொறுப்பாக இருக்கும் அந்த ஒரு நொடிக்கு ஈடே கிடையாது. எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வர்க்கி டின் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. “அம்மா, இந்த டெஸ்ட் மூணு மாசச் சராசரிதான் காட்டும். நீங்க ஒரு வருஷம் செஞ்சது வீணாப் போகல. திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீங்க, அடுத்த வேளைச் சாப்பாட்டுல திரும்புங்க” என்றார். சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொன்னார். 140-க்குள் இருக்க வேண்டும்.

அந்த மெஷின் எனக்குக் கண்ணைத் திறந்தது. நல்லது என்று நம்பி வெல்லம் போட்டுக் குடித்த ராகிக் கஞ்சிக்கு 181! நைசாக அரைத்த மாவைக் கூழாகக் காய்ச்சினால் வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்று அப்புறம்தான் புரிந்தது. பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர்களின் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்), நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரிக்கு இலை கொடுக்கும் படகர் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். “முன்னாடி எங்க நிலத்துல சாமையும் ராகியும்தான். இப்போ எல்லாம் தேயிலை, சாமையைக் கடையில வாங்குறோம்” என்று சொல்லிவிட்டு, சாமையைச் சோறாக வடித்து அவரைக்குழம்போடு சாப்பிடச் சொன்னார். முதலில் பீன்ஸ், கேரட் பொரியல் அரைத்தட்டு, அதன் பிறகு ஒரு கிண்ணம் சாமைச் சோறு, அவரைக்குழம்பு. அன்றைக்கு 136. நான் அந்த எண்ணை இரண்டு தரம் பார்த்தேன்.

ஆனால் மூன்று வேளைச் சாப்பாட்டை விட, என்னைச் சறுக்க வைத்தது சாயங்காலம் நாலு மணிதான். ஃபேக்டரி ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 40 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே நான் அதைத் தாண்டிவிட்டேன். டீயை விட மனசில்லை, தேயிலையில் வாழ்கிறவள் நான். சர்க்கரையை மட்டும் வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தேன். ஒரு மாசத்தில் சர்க்கரை இல்லாத டீ. இப்போது இலையின் மணம் தனியாகத் தெரிகிறது.

வர்க்கிக்குப் பதில் குளிருக்குச் சூடாக ஏதாவது வேண்டும், அதுதான் விஷயம். ஆறிப்போன வெள்ளரிக்காயை வைத்துக்கொண்டு இந்த மலையில் யாராலும் இருக்க முடியாது. உழவர் சந்தையில் பச்சை பட்டர் பீன்ஸ் வாங்கி வேகவைத்து, மிளகுத்தூள், கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்து ஃபிளாஸ்க்கில் போட்டுக் கொண்டுபோவேன். மூடியைத் திறந்தால் ஆவி வரும். நாலு மணிக்கு அந்த ஒரு கிண்ணம் போதும், ராத்திரி எட்டு மணி வரை பசி வராது. வீட்டில் வர்க்கி டின்னை மாமியார் அறைக்கு மாற்றிவிட்டேன். அவர் ஆசைப்பட்டுச் சாப்பிடுவதை நான் ஏன் நிறுத்த வேண்டும்?

நடையும் மாறியது. போன தடவை முதலில் நின்றது நடைதான், மழையில் ரோட்டில் நடக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு 64 படி. சாப்பிட்ட பிறகு குடையோடு மூன்று தரம் ஏறி இறங்கினால் பத்து நிமிஷம் ஆகிறது, சாப்பாட்டுச் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படுகிறது.

மே மாசம் சீசன். சிம்ஸ் பூங்காப் பழக்கண்காட்சிக்கு நாத்தனார் குடும்பத்தோடு வந்தார், கையில் ஒரு கிலோ அல்வா. “எனக்காக ஒரு வாய், அண்ணி” என்றார். சாப்பிட்டேன். டீயோடு இரண்டு வர்க்கியும் சாப்பிட்டேன். போன வருஷமாக இருந்தால் அவர் ஊருக்குப் போகிற வரைக்கும் அப்படியே ஓடியிருக்கும். அன்றைக்கு ராத்திரி வழக்கம்போல அரைத்தட்டு பொரியல், சாமைச் சோறு, படி ஏறி இறங்கினேன். நாத்தனாரும் கூடவே இறங்கி வந்தார்.

ஜூன் முதல் வாரம் பார்த்தபோது 5.9. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மார்க்கெட்டுக்குப் போய்க் காய்ந்த மொச்சையும் கொண்டைக்கடலையும் இரண்டிரண்டு கிலோ வாங்கி வந்தேன். ஐப்பசி மழையில் பச்சைக் காய் விலை ஏறிவிடும். இரண்டு டப்பாவும் வர்க்கி டின் இருந்த தட்டில் இருக்கின்றன.