சின்னப் போத்தலுக்குள்ள இருக்கிற புரதமும் மாமாவின்ர கொலஸ்ட்ரோலும்

எங்கட லாபுக்கு வாற சாமானுகளில, கண்ணுக்கு ஒண்டுமில்லாத மாதிரித் தெரியிறது இந்த எல்டிஎல் றிசெப்டர் புரதம்தான். எல்டிஎல் எண்டது இரத்தத்தில கொலஸ்ட்ரோலைக் காவிக்கொண்டு திரியிற துணிக்கை, றிசெப்டர் எண்டது அதைப் பிடிக்கிற புரதம். விரல் நுனியளவு பிளாஸ்டிக் போத்தல், வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தா அடியில வெள்ளையா ஒரு படலம், சிலவேளை அதுவும் தெரியாது. மூடியில ஒட்டிக்கொண்டு நிக்கும் எண்டதால திறக்க முதல் சென்ட்ரிஃபியூஜில ஒருக்காச் சுத்தி எடுக்கவேணும், பிறகு பஃபர் எண்ட உப்புக் கரைசல் விட்டு மெதுவாக் கரைய விடவேணும், நுரை வாற மாதிரிக் குலுக்கக் கூடாது. கரைச்சதைச் சின்னச் சின்னப் பங்காப் பிரிச்சு மைனஸ் 80இல வச்சிடுவம், திரும்பத் திரும்ப உறைஞ்சு உருகினா புரதம் பழுதாப்போகும்.

இது ஒருதற்றயும் ஈரலிலயிருந்து எடுத்ததில்லை. மனிசற்ற 19ஆம் குரோமசோமில இருக்கிற எல்டிஎல்ஆர் ஜீனில, கலத்துக்கு வெளியில நீட்டிக்கொண்டு நிக்கிற பகுதிக்குரிய துண்டை மட்டும் எடுத்து, லாபில வளர்க்கிற கலங்களுக்குள்ள விட்டு, அந்தக் கலங்களைக் கொண்டே செய்விச்சு எடுக்கிறது. கூடுதலா ஹெக் 293 எண்ட மனிசக் கலங்கள்தான். பக்டீரியாவில செய்தா மலிவாத்தான் முடியும், ஆனா எல்டிஎல்லைப் பிடிக்கிற இடத்தில கிட்டத்தட்ட ஒரே மாதிரியான ஏழு துண்டு வரிசையா இருக்கு, ஒவ்வொண்டுக்குள்ளயும் மூண்டு சல்பர் பிணைப்பு, ஒரு கல்சியம், இதெல்லாம் சரியான இடத்தில விழுந்தாத்தான் அது பிடிக்கும், பக்டீரியாவுக்கு அந்த வேலை லேசில வராது. கல்சியத்தை இழுத்தெடுக்கிற ஈடிடிஏ பஃபரில இருந்தாலும் பிடி விட்டுப்போகும்.

இந்தமுறை விசுவமடுவில மாமா வீட்ட போய் நிக்கேக்க இதைப் பற்றிக் கதைச்சன். மாமாவுக்குக் கொலஸ்ட்ரோல் சரியான கூட. மாமி முழுக்கக் கேட்டுப்போட்டு, "அப்ப உதை மாமாவுக்கு ஊசியாப் போட்டா என்ன தம்பி?" எண்டா. நல்ல கேள்வி. வடிவா யோசிச்சுத்தான் கேட்டவா, அதால வடிவா விளங்கப்படுத்தவேணும் எண்டு நினைச்சன், இதை எழுதிறதும் அதுக்குத்தான்.

ஈரல் கலத்தின்ர தோலில குத்தி நிக்கிற இந்த றிசெப்டர், இரத்தத்தில வாற எல்டிஎல்லைப் பிடிச்சுக்கொண்டு உள்ள போகும், உள்ள கொஞ்சம் அமிலத்தன்மை கூடின இடத்தில அதை இறக்கிப்போட்டுத் திரும்ப மேல வரும், ஒரு நடைக்குப் பத்து நிமிசமளவில. நெல்லை மில்லில இறக்கிப்போட்டு அடுத்த நடைக்கு வயலுக்குத் திரும்பிற லாண்ட்மாஸ்டர் மாதிரி. எங்கட போத்தலில இருக்கிறது நெல்லேத்திற பெட்டி மட்டும்தான், அதை இழுக்கிற மிஷின் இல்லை. கலத்தில குத்தி நிக்கிற துண்டும் உள்ளுக்கு இழுக்கிற வாலும் அதில இல்லாதபடியா, இரத்தத்துக்குள்ள விட்டாலும் எல்டிஎல்லோட ஒட்டிக்கொண்டு அலையுமே தவிர ஈரலுக்குள்ள கொண்டு போகாது. அதோட அது ஆராய்ச்சிக்கு மட்டும் எண்டு செய்த சாமான், மனிசருக்கு ஏத்திற அளவுக்குச் சுத்தம் பாத்துச் செய்யிறதில்லை.

ஈரலில வேலை செய்யிற றிசெப்டர் இருந்தா என்ன நடக்கும் எண்டதுக்கு ஒரு பிள்ளையின்ர கதை இருக்கு. 1984இல அமெரிக்காவில, பிட்ஸ்பர்க்கில, ஸ்டோர்மி ஜோன்ஸ் எண்ட ஆறு வயசுப் பிள்ளைக்கு இதயத்தையும் ஈரலையும் ஒண்டா மாத்தினவை. அதுக்கு தாயிட்டயிருந்து வந்ததும் தகப்பனிட்டயிருந்து வந்ததும் எண்டு இரண்டு எல்டிஎல்ஆர் ஜீனும் பழுது, கொலஸ்ட்ரோல் 1000த்துக்கு மேல. புது ஈரல் வந்தவுடன அது விழுந்தது. றிசெப்டரைக் கண்டுபிடிச்ச பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் அடுத்த வருசம் நோபல் பரிசு, அவையும் இந்த ஜீன் பழுதோட பிறந்த ஆக்களின்ர தோல் கலங்களை வச்சுத்தான் அதைக் கண்டுபிடிச்சவை.

அப்ப எங்கட போத்தல் என்னத்துக்கு எண்டால், பிசிஎஸ்கே9 எண்டு இன்னொரு புரதம் இருக்கு, 2003இல வெளிய வந்த விசயம். அது றிசெப்டரோட ஒட்டினா றிசெப்டர் மேல திரும்பாது, உள்ளயே அழிஞ்சுபோகும். அந்த ஒட்டலைத் தடுக்கிற மருந்து தேடுற ஆக்கள் பிளேட்டில இந்தப் புரதத்தைப் பூசி, பிசிஎஸ்கே9ஐ விட்டு, எவ்வளவு ஒட்டுது, எது தடுக்குது எண்டு பாப்பினம். அப்பிடித் தடுக்கிற ஊசிமருந்துகள் 2015இல பாவனைக்கு வந்திட்டுது, ஆனா விலை எங்கட ஆக்களுக்கு எட்டாது.

மாமாவைப் பாத்தா ஒருதரும் கொழுப்பு எண்டு சொல்லாயினம். மெலிஞ்ச ஆள், விடிய வயலுக்குப் போனா வெயில் ஏறத்தான் வருவார், இறைச்சி திருநாள் பெருநாளுக்குத்தான். எல்டிஎல் 250ஐத் தாண்டி நிக்குது. குதிக்காலுக்குப் பின்னால இருக்கிற தசைநாண் தடிச்சிருக்கு, தடவினா கட்டி கட்டியாத் தட்டுப்படும், அதுவும் இந்த ஜீன் பழுதின்ர அடையாளம்தான், ஆனா வேலையால வந்தது எண்டு இவ்வளவு காலமும் விட்டிட்டார். தேங்காய்ப்பாலைக் குறை, பொரியலைக் குறை எண்டு ஊரே அவருக்குப் புத்தி சொன்னது, அந்த மனிசன் களவாத் திண்ட மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தவர். எனக்கு அதுதான் சரியான கவலை. உலகத்தில ஏறத்தாழ 250 பேருக்கு ஒராள் இந்த ஜீனில ஒரு பக்கம் பழுதோட பிறக்கினம், பிள்ளையளுக்கு வாறதுக்குப் பாதிக்குப் பாதி சான்ஸ்.

கிளிநொச்சி கிளினிக்கில குடுக்கிற ஸ்டட்டின் குளிசையும் இந்த றிசெப்டரை வச்சுத்தான் வேலை செய்யுது, ஈரல் கலம் தானாக் கொலஸ்ட்ரோல் செய்யிறதை அது மறிக்க, கலம் தட்டுப்பாட்டில நல்ல ஜீனைக் கொண்டு கூட றிசெப்டர் செய்து மேல அனுப்பும். அதால குளிசையை இடையில விடவேண்டாம் எண்டு மாமாவிட்ட ஒண்டுக்கு நாலுதரம் சொன்னன், குறைஞ்சிட்டுது எண்டு ரிப்போட்டைப் பாத்து நிப்பாட்டினா திரும்ப ஏறும்.

அம்மாவுக்கும் பாத்தம், நோர்மல். மச்சாளுக்குக் கூடத்தான் இருக்கு, பதினாலு வயசு, டொக்டர் இப்பவே கவனிக்கத் தொடங்கியிட்டார். மாமாவின்ர சின்னவனுக்கு ஊசியெண்டாப் பயம், இன்னும் இரத்தம் எடுக்கேல்ல, அடுத்த கிளினிக்குக்கு மாமாவோட அவனையும் ஏத்திக்கொண்டு போகச் சொல்லி மாமியிட்டச் சொல்லிப்போட்டு வந்தனான்.