காயில் இருந்ததா, மெத்தனாலில் வந்ததா?

“சார், இது காயில இருந்ததா, நம்ம மெத்தனால்ல வந்ததா?”

கடுக்காய் அறிக்கையில் மெத்தில் காலேட் என்ற பொருளைச் சிறுசேர்மங்களோடு சேர்த்து எழுதி, கையெழுத்தும் போட்ட பிறகு, லேபில் உடன் வேலை செய்யும் பெண் கேட்ட கேள்வி. “லைப்ரரில மேட்ச் ஆகியிருக்கேம்மா” என்றேன். லைப்ரரி (தெரிந்த சேர்மங்களின் பதிவுகள்) இது என்ன பொருள் என்றுதான் சொல்லும்; கேட்டதற்கு அது பதிலே இல்லை.

அடையாளம் சரிதான். மூலக்கூறை அயனியாக்கி எடை பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், நெகட்டிவ் மோடில் (எதிர்மின் அயனியாக) 183.030, உடைத்தால் மெத்தில் கழன்று 168, பிறகு 124. வாங்கி வைத்திருந்த ஸ்டாண்டர்டும் (தூய மாதிரி) அதே நிமிடத்தில் வந்தது. கடுக்காயில் வழக்கமாகக் காலை வாருவது 301தான். எலாஜிக் அமிலம் 300.999, குவெர்செடின் 301.035, தசம வித்தியாசத்தைப் பிரிக்க முடியாத எளிய கருவியான சிங்கிள் குவாட்ரூபோலுக்கு இரண்டும் ஒன்று. போதாததற்கு, கடுக்காயின் இன்னொரு சேர்மமான கொரிலாஜின் (633), கருவியில் அயனியாகும் இடத்திலேயே உடைந்து 301-ஐக் காட்டும். 633-உம் 301-உம் சேர்ந்தே ஏறி இறங்கினால் அதைத் தனிச் சேர்மமாக எண்ணக் கூடாது. அங்கெல்லாம் உஷாராக இருந்தவன்தான் நான்.

பிசகு கருவிக்கு முன்னாலேயே நடந்திருக்கலாம். கொட்டை நீக்கிய தோல் 10 கிராம், சாக்ஸ்லெட் (சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஊற்றிச் சாறு எடுக்கும் கருவி), கரைப்பானாக மெத்தனால், 8 மணி நேரம். கடுக்காயில் உள்ள செபுலினிக் (955), செபுலாஜிக் (953) அமிலங்களில் இருக்கும் காலோயில் எஸ்டர்கள் (காலிக் அமிலம் ஒட்டியிருக்கும் பிணைப்புகள்) அந்தச் சூட்டில் மெத்தனாலோடு வினைபுரிந்தால் வெளியே வருவதும் மெத்தில் காலேட்தான். எத்தனாலில் எடுத்திருந்தால் எத்தில் காலேட் (197.045) முளைத்திருக்கும். ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான டியூட்டீரியம் உள்ள மெத்தனாலில் எடுத்தால் நாம் உண்டாக்கியது 186-க்கு நகரும், காயில் இருந்தது 183-லேயே நிற்கும். இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. சாக்ஸ்லெட் நிறைய அந்த மெத்தனாலை ஊற்ற யார் பணம் தருவார்கள்?

‘மெத்தனால் சாற்றில்’ என்றுதானே எழுதினேன், பொய்யில்லையே என்று தேற்றிக்கொள்வேன். அறிக்கையின் தலைப்பு ‘கடுக்காயின் சேர்மங்கள்’ என்பது அடுத்த நிமிடமே நினைவுக்கு வரும்.

மலிவான வழியில் பார்த்தோம்: 70 சதவீத அசிட்டோன், சூடில்லாமல் ஊறல். மெத்தில் காலேட்டின் பீக் (வரைபடத்தில் எழும் முகடு) வெகுவாகச் சுருங்கியது, ஆனால் போகவில்லை. அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியா, காயிலயும் இருக்கு” என்றேன். பல செடிகளில் இயற்கையாகவே உள்ள பொருள்தானே, அளவைத்தான் நாம் ஊதிவிட்டோம் என்று இப்போதும் பாதி நம்புகிறேன்.

அவள் வாதாடவில்லை. லேப் நோட்டைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினாள். அசிட்டோனை ஆவியாக்கியபின், காய்ந்த சாற்றை, கருவிக்குள் செலுத்தும் இன்ஜெக்‌ஷனுக்காகக் கரைத்தது மெத்தனாலில். அந்தக் குப்பி இரவு முழுக்க ஆட்டோசாம்ப்ளரில் (கருவிக்கு மாதிரியை ஊட்டும் பகுதி), அறைச் சூட்டில் இருந்திருக்கிறது.